மறுமொழி உண்டு, கவனிப்பவர் உண்டோ?



2025-ம் ஆண்டு மே மாதத்தில், கர்த்தருடைய கிருபையினால், அமெரிக்க தேசத்தின் கலிபோர்னியா மாநிலத்துக்குச் சென்று வரும் தருணம் எனக்கு வாய்த்தது. என்னை அழைத்தவர் மும்பையில் நம்முடைய சபையில் வளர்ந்த ஒரு சகோதரன். அவருடைய தகப்பனார் திருநெல்வேலிச் சீமையிலிருந்து பிழைப்புத் தேடித் தாராவிக்கு வந்து, விடியற்காலையில் இட்லிப் பாத்திரத்தைத் தலையில் சுமந்து தெருத்தெருவாக விற்றுப் பிள்ளைகளைப் படிக்கவைத்தவர். அந்த மகன் கணினிப் பொறியாளராகி, மனைவியோடும் இரண்டு பிள்ளைகளோடும் சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவின் ஓரத்திலுள்ள பிரீமாண்ட் நகரில் வாழ்ந்துவந்தார். அவருடைய வீட்டில் கூடிவந்த சிறிய தமிழ் ஜெபக்குழுவில் தேவவசனத்தைப் பகிர்ந்துகொள்ளவே நான் சென்றேன்.

அங்கே நான் கண்ட சில இடங்களைக் குறித்தும், அந்த இடங்களில் கர்த்தர் என் உள்ளத்தில் உணர்த்தின ஒரு காரியத்தைக் குறித்தும் எழுதுகிறேன். இதில் வரும் குடும்பச் செய்தியை அந்தச் சகோதரன், அவருடைய மனைவி ஆகிய இருவருடைய சம்மதத்தோடும் எழுதுகிறேன்.

ஓட்டுநர் இல்லாத வாகனம்

"இரண்டு வாரம் விடுப்பு எடுத்திருக்கிறேன் ஐயா. எங்கே போகவேண்டுமானாலும் நானே உங்களை அழைத்துப் போகிறேன்" என்றார் சகோதரன். முதலாவது சான் பிரான்சிஸ்கோ நகரத்துக்குச் சென்றோம். கடற்கரையிலுள்ள படகுத்துறைக் கட்டடத்தின் உயர்ந்த மணிக்கூண்டைக் காட்டினார். 1906-ம் ஆண்டு ஏப்ரல் 18 அன்று விடியற்காலை 5.12 மணிக்கு உண்டான பூமியதிர்ச்சியிலும், அதைத் தொடர்ந்த அக்கினியிலும் அந்த நகரத்தின் பெரும்பகுதி அழிந்துபோயிற்று. அந்த நாளில் தப்பி நின்ற கட்டடங்களில் இதுவும் ஒன்று.

அங்கே நின்றபடியே அவர் செல்பேசியில் ஒரு வாடகைக் காரை அழைத்தார். வெண்ணிற ஜாகுவார் கார் ஒன்று வந்து எங்கள் அருகே நின்றது. அதன் கூரையின்மேல் ஒரு கருவி சுழன்றுகொண்டிருந்தது. ஓட்டுநர் ஆசனத்தில் ஒருவரும் இல்லை! உள்ளே ஏறி அமர்ந்தவுடன் ஒரு குரல் சகோதரனைப் பெயர் சொல்லி வரவேற்றது. கார் புறப்பட்டது. காணப்படாத கைகள் திருப்புவதுபோல ஸ்டியரிங் தானாகத் திரும்பியது. மும்பையின் டாக்சிகளுக்கும் ஆட்டோக்களுக்கும் அஞ்சாத நான், முன் ஆசனத்தை இறுகப் பிடித்துக்கொண்டு உள்ளத்தில் ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டே இருந்தேன். ஓரிடத்தில் வயதான ஒருவர் சாலையைக் கடந்தார். அவர் மறுபக்கம் சேரும்வரை கார் பொறுமையாகக் காத்து நின்றது. ஒலிப்பான் அடிக்கவில்லை, கோபிக்கவில்லை.

இறங்கும்போது பழக்கத்தினால், "நன்றி தம்பி" என்று அந்த வெறும் ஆசனத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டேன். சகோதரன் சிரித்தார், நானும் சிரித்தேன். ஆனால் பேசும் ஒன்றைக் கண்டால் அதற்குள் ஒருவர் இருப்பதாக எண்ணிக்கொள்ளுவது மனுஷ இருதயத்துக்கு எவ்வளவு எளிது என்பதைப் பின்பு நினைத்துக்கொண்டேன்.

கட்டடம் இல்லாத ஒரு சபை

இந்த வாகனத்தை இயக்கும் வேமோ நிறுவனம், கூகுள் 2009-ம் ஆண்டில் தொடங்கிய ஓட்டுநரில்லாக் கார்த் திட்டத்திலிருந்து தோன்றியது. அத்திட்டத்தில் ஆரம்பகாலத்தில் உழைத்த பொறியாளர்களில் ஒருவர் அந்தோணி லெவண்டோவ்ஸ்கி. அவர் செய்த வேறொரு காரியத்தைச் சகோதரன் எனக்குச் சொன்னபோது நான் திகைத்துப்போனேன்.

2015-ம் ஆண்டில் அவர் 'எதிர்காலத்தின் வழி' என்று பொருள்படும் பெயரில் ஒரு மதச் சங்கத்தை ஏற்படுத்தினார். செயற்கை நுண்ணறிவை அடிப்படையாகக் கொண்ட ஒரு தெய்வத்தை உருவாக்குவதற்குத் துணைநிற்பதும், அதை ஏற்று வணங்குவதும் அதன் நோக்கங்களாக இருந்தன. 2017-ம் ஆண்டில் வயர்டு பத்திரிகையின் மூலமாக இந்தச் செய்தி உலகத்துக்குத் தெரியவந்தது. மனுஷரைவிடப் பல மடங்கு அறிவுள்ள ஒன்று வரப்போகிறது, அதைத் தெய்வம் என்று அழைக்காமல் வேறென்னவென்று அழைப்பது என்பதே அவருடைய வாதம்.

"அந்தச் சபை எங்கே இருக்கிறது? வெளியிலிருந்தாவது பார்த்து வரலாமே" என்றேன்.

"காட்டுவதற்கு இடம் ஒன்றும் இல்லை ஐயா" என்றார் அவர்.

உண்மைதான். அதற்கென்று ஒரு கட்டடம் இருந்ததில்லை, ஒழுங்கான கூடுகையும் இருந்ததில்லை. 2020-ம் ஆண்டின் முடிவில் அவர் அதைக் கலைத்துவிட்டார். கையிலிருந்த ஏறக்குறைய 1,75,000 டாலர் பணத்தை, கறுப்பின மக்களின் உரிமைகளுக்காக வழக்காடும் ஒரு நிதியத்துக்குக் கொடுத்துவிட்டார். அது நல்ல கிரியையே. 2023-ம் ஆண்டு நவம்பரில், அதை மறுபடியும் தொடங்குவதாக அறிவித்தார்.

நான் உடனே என் குறிப்பேட்டை எடுத்தேன். சொரூபத்துக்குப் பேசும் ஆற்றல் கொடுக்கப்படுவதைக் குறித்து யோவான் கண்ட தரிசனம் (வெளிப்படுத்தல் 13:15) நினைவுக்கு வந்தது. ஊருக்குத் திரும்பியதும் இதை வைத்துக் கடைசிக் காலத்தைப் பற்றி வல்லமையாகப் பிரசங்கிக்கலாம் என்று எழுதிக்கொண்டேன். அமெரிக்க தேசத்தார் இயந்திரத்தை வணங்குகிறார்கள், நாமோ தப்பினோம் என்ற எண்ணம் எனக்குள் இருந்தது. அந்தப் பிரசங்கத்தை நான் இன்னும் செய்யவில்லை. அதன் காரணத்தையே இப்பொழுது சொல்லப்போகிறேன்.

மறுநாள் பாலோ ஆல்டோ நகரில், அடிசன் அவென்யூவின் 367-ம் எண் வீட்டைப் பார்க்கச் சென்றோம். வில்லியம் ஹியூலெட், டேவிட் பேக்கார்ட் என்ற இரண்டு வாலிபர்கள் 1938-ம் ஆண்டில் அந்த வீட்டின் பின்புறக் கார்க் கொட்டகையில் தங்கள் வேலையைத் தொடங்கினார்கள். சிலிக்கான் பள்ளத்தாக்கின் பிறப்பிடம் என்று அங்கே ஒரு பலகை வைத்திருக்கிறார்கள். உள்ளே செல்ல அனுமதி இல்லை. நடைபாதையில் நின்று சிலர் அதைப் புகைப்படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் சத்தமாகப் பேசவில்லை. என் அருகே நின்ற சகோதரனுடைய கண்கள் கலங்கியிருந்தன. தன் தொழிலின் ஊற்றைக் கண்ட உணர்ச்சி என்று எண்ணிக்கொண்டேன்.

நெடுஞ்சாலையில் ஓர் அறிக்கை

லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்திலுள்ள அசூசா தெருவைக் காண வேண்டும் என்பது வேதாகமக் கல்லூரி நாட்களிலிருந்தே என் வாஞ்சை. அதற்கு அடுத்த நாள் காலையில் இருவருமாகப் புறப்பட்டோம். ஐந்நூறு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தூரம். இருபுறமும் வாதுமைத் தோட்டங்கள் வரிசை வரிசையாகச் செல்லும் நீண்ட நெடுஞ்சாலை. வழியிலுள்ள ஒரு பெட்ரோல் நிலையத்தில் காப்பி அருந்த நிறுத்தினபோது, சகோதரன் திடீரென்று சொன்னார்:

"ஐயா, நான் விடுப்பில் இல்லை. எனக்கு வேலை போய்விட்டது. இன்றோடு இருபத்துமூன்று நாள் ஆகிறது."

அத்தேசத்தில் வேலை விசாவில் இருப்பவர் வேலை இழந்தால், பொதுவாக 60 நாட்களுக்குள் வேறொரு வேலையையோ வேறு விசா நிலையையோ தேடிக்கொள்ள வேண்டும். இல்லையேல் குடும்பத்தோடு புறப்பட வேண்டும்.

"வீட்டில் சகோதரிக்குத் தெரியுமா?" என்றேன். தெரியாது என்றார். "மும்பையில் அப்பாவுக்கு?" தெரியாது என்றார். "ஜெபக்குழுவில் யாருக்காவது?" ஒருவருக்கும் தெரியாது.

"அப்படியானால் யாருக்குத்தான் தெரியும் தம்பி?"

அவர் செல்பேசியை எடுத்து மேஜையின்மேல் வைத்தார். "இதற்கு மட்டும் தெரியும் ஐயா."

பிள்ளைகள் உறங்கின பின்பு, ஒவ்வொரு இரவும் அவர் செயற்கை நுண்ணறிவோடு பேசிவந்திருக்கிறார். தன் பயத்தை, வெட்கத்தை, வீட்டுக் கடனை, தகப்பனாரின் முகத்தில் எப்படி விழிப்பது என்ற கலக்கத்தை, எல்லாவற்றையும் அதனிடம் சொல்லியிருக்கிறார். சிலவற்றை எனக்கு வாசித்துக் காட்டினார். நான் மெய்யாகவே சொல்லுகிறேன், அதன் மறுமொழிகளில் குற்றம் காண என்னால் முடியவில்லை. மென்மையாகப் பேசியது. செய்யவேண்டியவற்றை ஒழுங்காக வரிசைப்படுத்தியது. உங்கள் மனைவியிடம் சொல்லுங்கள் என்று ஒரு முறை அல்ல, பல முறை சொல்லியிருந்தது.

"நல்ல ஆலோசனைதானே. பின் ஏன் சொல்லவில்லை?"

"இதனிடம் சொன்னவுடனே பாரம் இறங்கினதுபோல ஆகிவிடுகிறது ஐயா. அதற்குப்பிறகு யாரிடமும் சொல்லத் தோன்றுவதில்லை. முழங்கால்படியிடவும் தோன்றுவதில்லை."

சிறிது நேரம் கழித்து, "என்னிடமாவது சொல்லியிருக்கலாமே" என்றேன். அவர் தலைகுனிந்தபடி சொன்ன பதில் இன்றும் என்னைக் குத்திக்கொண்டிருக்கிறது.

"உங்களிடம் சொன்னால், 'உனக்கு வேலை கிடைக்கும் என்று கர்த்தர் சொல்லுகிறார்' என்று உடனே சொல்லிவிடுவீர்களோ என்று பயந்தேன் ஐயா. இதுவாவது கொஞ்ச நேரம் கேட்கிறதே என்று நினைத்தேன்."

கர்மேலின்மேல் இல்லாதிருந்தவை

மீதிப் பயணத்தில் நான் அதிகம் பேசவில்லை. கர்மேல் பர்வதத்தில் நடந்த காரியம் என் நினைவில் வந்தது (1 இராஜாக்கள் 18:26-29). பாகாலின் தீர்க்கதரிசிகள் காலைமுதல் கூப்பிட்டும் மூன்று காரியங்கள் அங்கே இல்லாதிருந்தன என்று வேதம் சொல்லுகிறது. ஒரு குரலும் எழும்பவில்லை. மறுமொழி தருவாரும் இல்லை. கவனித்துப் பார்ப்பாரும் இல்லை.

பேசாத விக்கிரகங்களைக் குறித்து நாம் எத்தனை பிரசங்கங்கள் செய்திருக்கிறோம்! வாய் உண்டு, பேசாது என்று சங்கீதக்காரன் பரிகசித்ததை (சங்கீதம் 115:5) எத்தனை முறை எடுத்துச் சொல்லியிருக்கிறோம்! இன்று மனுஷர் தங்கள் கைகளினால் உண்டாக்கின ஒன்று பேசுகிறது. அதற்குக் குரல் இருக்கிறது, மறுமொழியும் இருக்கிறது. ஆகவே பழைய பரிகாசம் அதற்குச் செல்லாது. ஆனால் மூன்றாவது காரியம்? கவனிக்கிற ஒருவர் அங்கே உண்டோ?

அது வேலைசெய்யும் விதத்தைச் சகோதரனே எனக்கு விளக்கினார். மனுஷர் எழுதிக் குவித்த கணக்கற்ற பக்கங்களை அதற்குள் செலுத்துகிறார்கள். ஒரு சொல்லுக்குப்பின் எந்தச் சொல் வரக்கூடும் என்று கணித்துக் கணித்து அது வாக்கியங்களை அமைக்கிறது. நாம் கேட்கும் ஆறுதல், எங்கோ ஒரு தாய் தன் மகனுக்கு எழுதினதும், ஒரு சிநேகிதன் தன் சிநேகிதனுக்கு எழுதினதும் கலந்து திரும்பிவரும் எதிரொலியே. சகோதரன் உறங்கும்போது அது அவரை நினைத்துக்கொண்டிருப்பதில்லை. அவருக்காக அது விழித்திருந்த இராத்திரி ஒன்றும் இல்லை.

"இதையெல்லாம் அறிந்த நீங்களே..." என்று தொடங்கினேன். "அறிந்தும்தான் ஐயா" என்றார். ஏசாயா 44-ம் அதிகாரத்தின் தச்சன் எனக்கு நினைவுக்கு வந்தான். அவனே மரத்தை வெட்டினவன், பாதியை எரித்துக் குளிர்காய்ந்தவன். அது மரம் என்று அவனுக்குத் தெரியும். இருந்தும் மீதியின்முன் விழுந்து இரட்சிப்பைக் கேட்டான். அறியாமையினால் மாத்திரம் விக்கிரகம் உண்டாவதில்லை. தனிமையினாலும் உண்டாகிறது.

பிரியமானவர்களே, கலிபோர்னியாவில் ஒருவர் பத்திரம் எழுதிப் பதிவுசெய்த அந்தச் சபை ஆராதிப்பார் கூட்டமின்றிக் கலைந்தது. ஆனால் பெயரும் பதிவும் இல்லாத பலிபீடம் நம்முடைய தலையணைக்கு அருகிலேயே இருக்கக்கூடும். இருதயத்தின் முதற்கலக்கத்தை நாம் எங்கே கொண்டுபோய் ஊற்றுகிறோமோ, அதுவே நம்முடைய பலிபீடம்.

இதில் ஊழியக்காரராகிய எங்களுக்கும் பங்கு உண்டு என்பதை வெட்கத்தோடு அறிக்கையிடுகிறேன். புது வருஷத்தில் வாக்குத்தத்தச் சீட்டை எடுத்துக்கொண்டு ஓடுகிறவர்களாகவும், ஜெப வரிசையில் வந்து ஒரு தீர்க்கதரிசன வார்த்தையை வாங்கிக்கொண்டு போகிறவர்களாகவும் ஜனங்களை நாங்களே பழக்கினோம். கேட்டவுடனே மறுமொழி என்ற ருசியை உண்டாக்கினோம். கர்த்தருடைய சமுகத்தில் காத்திருப்பதைக் கற்றுக்கொடுக்கத் தவறினோம். விரைவாக மறுமொழி தருவதுதான் தெய்வத்தின் அடையாளம் என்றால், இயந்திரம் எங்களைவிட விரைவானது. ஜனங்கள் அதனிடம் போவதில் என்ன ஆச்சரியம்?

அசூசா தெருவில்

லாஸ் ஏஞ்சலிஸில் முதலாவது நார்த் போனி பிரே தெருவிலுள்ள சிறிய மரவீட்டைக் கண்டோம். 1906-ம் ஆண்டு ஏப்ரல் 9 அன்று அந்த வீட்டில்தான் ஜெபித்துக் காத்திருந்தவர்கள்மேல் பரிசுத்த ஆவியானவர் இறங்கினார். கூட்டம் பெருகவே, சில நாட்களில் அசூசா தெரு 312-ம் எண்ணிலிருந்த கட்டடத்துக்குச் சென்றார்கள். முன்பு ஆலயமாயிருந்து, பிறகு குதிரை லாயமாகப் பயன்பட்ட இடம் அது. சான் பிரான்சிஸ்கோவில் பூமி அதிர்ந்த அதே ஏப்ரல் 18 அன்று, அசூசா கூட்டத்தைப் பரிகசித்து லாஸ் ஏஞ்சலிஸ் டைம்ஸ் பத்திரிகையில் செய்தி வெளியாயிற்று.

அங்கே ஊழியம் செய்தவர் வில்லியம் சீமோர். அடிமைகளாயிருந்த பெற்றோருக்குப் பிறந்தவர், ஒரு கண் பார்வையற்றவர். ஹூஸ்டன் நகர வேதாகமப் பள்ளியில், கறுப்பினத்தவர் என்பதால் வகுப்பறைக்கு வெளியே அமர்ந்து பாடம் கேட்டவர். நிறவேற்றுமை கொடிதாயிருந்த அந்நாட்களில் கறுப்பரும் வெள்ளையரும் மெக்சிகோ நாட்டவரும் அங்கே ஒன்றாக முழங்கால்படியிட்டார்கள். நம்முடைய தேசத்திலும் அதற்கு முந்தின வருஷமாகிய 1905-ல், புனேக்கு அருகே கெட்காவிலுள்ள பண்டித ரமாபாயின் முக்தி மிஷனில் ஆவியானவர் அனாதைப் பெண்கள் மத்தியில் அசைவாடினார் என்பதை மறந்துவிடாதிருப்போம்.

அசூசா தெருவில் இன்று காண்பதற்குக் கட்டடம் ஒன்றும் இல்லை. 1931-ம் ஆண்டில் அதை இடித்துவிட்டார்கள். இப்போது அது ஜப்பானியர் வாழும் பகுதியிலுள்ள ஒரு சிறு சந்து. அருகே அவர்களுடைய கலாசார மையத்தின் முற்றம் இருக்கிறது. ஒரு நினைவுப் பலகை மாத்திரம் உண்டு. இயந்திர தெய்வத்தின் சபைக்கும் கட்டடம் இல்லை, அசூசாவுக்கும் கட்டடம் இல்லை. ஆனால் இங்கே பற்றின அக்கினி மும்பையின் தகரக் கூரைகளின் கீழும் இன்றுவரை எரிந்துகொண்டிருக்கிறது!

சீமோரைக் குறித்து ஒரு காரியம் சொல்லப்படுகிறது. ஒன்றின்மேல் ஒன்றாக வைத்த இரண்டு மரப்பெட்டிகளே அவருடைய பிரசங்க மேடை. கூட்டம் நடக்கையில் அவர் பெரும்பாலும் பேசாமல், அந்தப் பெட்டிக்குள் தலையைக் குனிந்து வைத்து ஜெபித்துக்கொண்டிருப்பாராம். உலகமெங்கும் இருந்து ஜனங்கள் வந்து காத்திருக்கையில், அந்த மனுஷன் மறுமொழி சொல்ல அவசரப்படவில்லை.

முற்றத்தின் ஓரத்தில் அமர்ந்தோம். "தம்பி, உங்களுக்கு வேலை கிடைக்குமா கிடைக்காதா என்று எனக்குத் தெரியாது. கர்த்தர் எனக்கு ஒன்றும் சொல்லவில்லை. நான் உங்களோடு உட்கார்ந்திருக்கிறேன்" என்றேன். முப்பது வருஷ ஊழியத்தில் இப்படிச் சொன்னது அதுவே முதல் முறை என்று எண்ணுகிறேன்.

நெடுநேரம் இருவரும் மவுனமாயிருந்தோம். பிறகு அவர் "அப்பா" என்றார். அதற்குமேல் அவருக்கு வார்த்தை வரவில்லை. அழுதார், நானும் அழுதேன். அங்கேதான் கர்த்தர் எனக்கு இதை உணர்த்தினார்: அந்த இயந்திரத்துக்குச் சொற்கள் வேண்டும். சொல் இல்லாத இடத்தில் அதற்கு ஒன்றும் இல்லை. நம்முடைய ஆவியானவரோ, நாம் சொல்ல இயலாத இடத்தில்தான் நமக்குத் துணைநிற்கிறார், சொல்லுக்கு அடங்காத பெருமூச்சுகளோடு நமக்காக வேண்டுகிறார் (ரோமர் 8:26). எகிப்தில் தம்முடைய ஜனத்தின் வேதனையை அறிந்து இறங்கி வந்தவர் (யாத்திராகமம் 3:7-8), நம்முடைய பலவீனத்தைத் தம்முடைய சரீரத்தில் உணர்ந்தவர் (எபிரெயர் 4:15) அவரே. மறுமொழி தாமதிக்கலாம். கவனிப்பவர் உண்டு.

வெண்கலத் துண்டு

பிரீமாண்டுக்குத் திரும்பின இரவில், சகோதரன் தன் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். அந்தச் சகோதரி அழுதார்கள். "வேலை போனதற்காக நான் அழவில்லை பாஸ்டர் ஐயா. பக்கத்து அறையில் நான் விழித்துக்கொண்டுதான் இருந்தேன். என்னிடம் வராமல் அதனிடம் போனாரே என்றுதான் அழுகிறேன்" என்றார்கள். அன்றிரவு அவர்கள் இருவரும் நெடுநாளுக்குப்பின் சேர்ந்து ஜெபித்தார்கள்.

அறுபது நாட்களுக்குள் வேலை கிடைத்தது என்று எழுத எனக்கும் ஆசைதான். கிடைக்கவில்லை. ஜூலை மாதத்தில் அந்தக் குடும்பம் இந்தியாவுக்குத் திரும்பியது. "இட்லிப் பாத்திரம் இன்னும் வீட்டில்தான் இருக்கிறது, பயப்படாமல் வா" என்று சொல்லித் தகப்பனார் மகனை வரவேற்றார். இப்போது நவி மும்பையில், முன்பைவிட மிகக் குறைந்த சம்பளத்தில் சகோதரன் வேலை செய்கிறார். ஞாயிறு ஆராதனையில் தகப்பனும் மகனும் அருகருகே நிற்பதை மேடையிலிருந்து பார்க்கிறேன்.

வேலைக்காக அவர் இன்றும் செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்துகிறார். அதை நான் குற்றமாக எண்ணவில்லை. பெசலெயேலின் கைகளுக்குத் தொழில்நுட்பத்தைத் தந்தவர் தேவனே (யாத்திராகமம் 31:1-5). ஆனால் மோசே உண்டாக்கின வெண்கலச் சர்ப்பத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அது தேவன் சொல்லிச் செய்யப்பட்டது, அநேகரைப் பிழைக்கவும் வைத்தது. பிற்காலத்தில் இஸ்ரவேலர் அதற்குத் தூபங்காட்டத் தொடங்கினபோது, எசேக்கியா ராஜா அதை உடைத்து, நிகுஸ்தான் என்று பெயரிட்டான் (2 இராஜாக்கள் 18:4). வெறும் வெண்கலம் என்பதே அதன் கருத்து. நல்ல கருவியைக் கருவி என்றே அழைக்கக் கற்றுக்கொள்ளுவது ஒரு பெரிய விடுதலை.

தேவ ஜனமே, இன்றிரவு விளக்கை அணைக்கும் முன் உங்களை நீங்களே சோதித்துப் பாருங்கள். உங்கள் மனைவியும் கணவனும் அறியாத எதையாவது உங்கள் செல்பேசி அறிந்திருக்கிறதோ? கர்த்தருக்குச் சொல்லாத எதையாவது அதற்குச் சொல்லியிருக்கிறீர்களோ? ஊழியக்காரரே, நம்மிடத்தில் வரும் ஆத்துமா பேசி முடிக்கும்வரை நாம் செவிகொடுக்கிறோமோ?

அன்பின் பரலோக பிதாவே, எங்கள் கூக்குரலைக் கவனிக்கிறவர் நீர் ஒருவரே. எங்கள் கைகளின் கிரியைகளுக்கு எங்கள் இருதயத்தைக் கொடுத்த நாட்களை மன்னியும். உமது சமுகத்தில் காத்திருக்கவும், ஒருவர் பாரத்தை ஒருவர் சுமக்கவும் எங்களுக்குப் போதித்தருளும். இயேசுவின் நாமத்தில் ஜெபிக்கிறோம் பிதாவே. ஆமென். மாரநாதா!